மானைப் பார்க்கப் போகிறவர் தன்னையும் பார்க்க வேண்டும்: கோட்டை மான்களை வைத்து ஒரு நடத்தை ஆய்வு

திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான்கள் நிற்கும். ஊர்க்காரருக்கு அது புதினமில்லை. பஸ் தரிப்பிடத்துப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் அவை வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தோம். கையில் ஷொப்பிங் பேக் இருந்தால் நெருங்கி வரும். குப்பையில் கிடக்கிற பொலித்தீனைச் சாப்பிட்டுச் சாகிற மான்களைப் பற்றியும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம்.

"மான் பொலித்தீன் சத்தத்துக்கு வருகிறது" என்று கோட்டைக்குள் கச்சான் விற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பினேன். மாணவனாக இருந்த காலத்தில் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போய், பையைக் கசக்கினால் மான் வருகிறதா என்று ஒரு கிழமை பார்த்துக் குறித்தேன். வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. பெருமையாகக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "பையைக் கசக்காமல் அதே இடத்தில் எத்தனை நாள் நின்றாய்?" ஒரு நாளும் நிற்கவில்லை. மான் சத்தத்துக்கு வந்ததா, எனக்கு வந்ததா, என் சட்டைப்பையில் இருந்த கச்சானுக்கு வந்ததா, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் எப்படியும் வருகிற மானா, எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் இந்த வழிகாட்டி. உயர்தரம் படிக்கிறவர்கள், வளாகத்தில் சிறு ஆய்வு செய்யவேண்டியவர்கள், சும்மா ஆர்வத்தில் பார்க்கிறவர்கள் என்று யாரும் செய்யக்கூடிய அளவில் வைத்திருக்கிறேன். செலவு அதிகமில்லை. துணிச் சாக்கு, நூல், காற்சட்டைப் பையில் இருக்கிற போன் போதும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

1. முதலில் அனுமதி

இதைக் கடைசியில் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதனால் முதலில் போடுகிறேன். இலங்கையில் மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பார்ப்பதற்கு மேலாக எதையாவது செய்து அதன் எதிர்வினையை அளக்கப் போகிறீர்கள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கண்ட இடத்தில் கமராவை நிறுத்த முடியாது. கோயில் வளவுக்குப் பக்கத்தில் என்றால் அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாடசாலைக் கடிதத்தாளில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

சாப்பாடு போடாமல் செய்கிற ஆய்வாகவே இதை அமைத்திருக்கிறேன். வீதி ஓரத்தில் செய்யாதீர்கள், ஓட்டோவுக்கு முன்னால் மானைக் கூப்பிட்டதாக முடியும்.

2. கேள்வியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருக்குங்கள்

"மான் பொலித்தீனை விரும்புகிறதா?" என்பது அளக்க முடியாத கேள்வி. விருப்பம் மானுக்குள் இருக்கிறது, நமக்குத் தெரிவது அதன் உடம்பு மட்டும். தலையை உயர்த்தியது, காதைத் திருப்பியது, முன்காலைத் தூக்கித் தரையில் தட்டியது, வாலைத் தூக்கியது, சத்தம் வந்த இடத்தை நோக்கி ஐந்து அடி நடந்தது என்று எழுதினால் இன்னொருவர் பார்த்துச் சரி பிழை சொல்லலாம். "ஆசையோடு பார்த்தது" என்று எழுதினால் யாராலும் முடியாது.

இப்படி ஒரு பட்டியல் போடுங்கள், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு. "நெருங்கியது" என்றால் என்ன? குறிவைத்த இடத்திலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் முன்கால் இரண்டும் வந்தால் நெருங்கியது, இல்லாவிட்டால் இல்லை. வட்டத்தைச் சுண்ணாம்பால் போட வேண்டாம், அதுவும் மானுக்குப் புதுப்பொருள்தான். அங்கே ஏற்கனவே இருக்கிற கல், மரம், வேலிக்கட்டையை அடையாளமாக வையுங்கள்.

கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம்: ஆள் கண்ணில் படாமல், சாப்பாட்டு வாசனை இல்லாமல், பொலித்தீன் கசங்கும் சத்தம் மட்டும் கேட்டால், வேறு சரசரப்புக்கு வருவதைவிட மான் அதிகம் நெருங்கி வருகிறதா?

நீளமான வாக்கியம்தான். சுருக்கினால் ஓட்டை விழும்.

3. நாலைந்து நாள் சும்மா இருங்கள்

கொப்பி இல்லாமல், பை இல்லாமல், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். முதல் நாள் மான்கள் உங்களைப் பார்க்கும். மூன்றாம் நான்காம் நாளில் பார்ப்பதை விட்டுவிடும். அதுவரை நீங்கள் அளப்பது மானை அல்ல, புதிதாக வந்து குந்தியிருக்கிற ஓர் ஆளைக் கண்ட மானை.

உடுப்பையும் ஒன்றாக வையுங்கள். இது வீண் நுணுக்கம் இல்லை. அமெரிக்காவில் பிரியான்னா புட்மனும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வேலிப்பல்லி என்று அழைக்கப்படும் ஓணான் இனத்தை வேறு வேறு நிறச் சட்டை போட்டு நெருங்கிப் பார்த்தார்கள். அந்த இனத்தின் ஆணுக்கு வயிற்றில் நீலத் திட்டு உண்டு. கருநீலச் சட்டை போட்டவரை அவை மிகக் கிட்ட வர விட்டன, சிவப்புச் சட்டைக்கு வெகு முன்னரே ஓடின. பல்லி இனத்தை மாற்றாமல் சட்டையை மாற்றியதற்கே இந்த வித்தியாசம். நம் பிள்ளைகள் திங்கட்கிழமை வெள்ளைச் சீருடையிலும் சனிக்கிழமை கலர் உடுப்பிலும் போய் நின்றுவிட்டு, "வார இறுதியில் மான்கள் வேறு மாதிரி" என்று எழுதினால் எப்படி இருக்கும்!

வாசனையும் அப்படித்தான். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மொகிலின் ஆய்வுக்கூடம் 2014இல் காட்டியது இது: எலிகளின் பக்கத்தில் ஆண் ஆய்வாளர் இருந்தால் அவற்றுக்கு மன அழுத்தம் கூடி, வலிக்கான எதிர்வினை குறைந்தது. ஆள் இல்லாமல் ஆண் போட்ட டீசேர்ட்டை வைத்தாலும் அதே விளைவு வந்தது. அதுவரை எத்தனை ஆய்வுக்கூடங்களில் யார் எலியைத் தூக்கினார்கள் என்பது எழுதப்படாமலே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மானை அடையாளம் காணப் பெயின்ற் பூசலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. வேண்டாம். அரச பென்குயின்களின் செட்டையில் உலோகப் பட்டி கட்டிப் பத்து ஆண்டு பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. பட்டி கட்டிய பறவைகள் 39 சதவீதம் குறைவான குஞ்சுகளையே பெற்றன, அவை உயிர் தப்பும் அளவும் 16 சதவீதம் குறைவு. அளப்பதற்காகக் கட்டிய பட்டியே அளவை மாற்றிவிட்டது. புள்ளிமானுக்கு அதன் புள்ளியே அடையாள அட்டை, ஒவ்வொன்றுக்கும் அந்த ஒழுங்கு வேறு. இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இராது. கொம்பை நம்ப வேண்டாம், அது விழுந்து முளைக்கிற சாமான்.

4. குதிரையின் கதை, அதை அவசரப்படாமல் வாசியுங்கள்

இந்தத் துறையில் ஒரே ஒரு கதை தெரிந்தால் போதும் என்றால் அது ஹான்ஸ் என்ற குதிரையின் கதை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் தன் குதிரைக்குக் கணக்குப் படிப்பித்தார். "ஏழும் ஐந்தும் எத்தனை?" என்றால் குதிரை குளம்பால் பன்னிரண்டு தரம் தட்டி நிறுத்தும். அவர் காசு வாங்கவில்லை, ஏமாற்றவும் இல்லை, தன் குதிரைக்கு அறிவு உண்டு என்று மனதார நம்பினார். 1904இல் கார்ல் ஷ்டும்ப் என்ற உளவியலாளர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. ஏமாற்று எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் வந்தார். அவர் செய்தது இரண்டு எளிய வேலை. ஒன்று, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். இரண்டு, கேட்பவர் குதிரையின் கண்ணில் படாதபடி செய்தார். இரண்டிலும் ஹான்ஸின் கணக்கு அநேகமாகப் பிழைத்தது. அப்போது விளங்கியது: கேள்வி கேட்டதும் மனிதர் குளம்பைப் பார்க்கக் கொஞ்சம் குனிகிறார், குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவர் தலை தன்னையறியாமல் ஒரு மயிரளவு நிமிர்கிறது, குதிரை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது, மனிதரை வாசிக்கத் தெரியும்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருகிற பகுதி. காரணம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையாக இருந்து பார்த்தார். மற்றவர்கள் ஓர் எண்ணை மனதில் நினைக்க, அவர் கையால் தட்டிக்கொண்டே அவர்களின் முகத்தைக் கவனித்தார். பெரும்பாலானோர் அதே அசைவைக் காட்டினார்கள், தாங்கள் காட்டுவது அவர்களுக்குத் தெரியவே இல்லை. 1907இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

"நான் நேர்மையானவன், பக்கச்சார்பு பார்க்க மாட்டேன்" என்று ஒரு மாணவர் என்னிடம் சொன்னால் நான் குதிரையைத்தான் நினைப்பேன். நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழுத்துத் தசை உங்களிடம் அனுமதி கேட்டு அசைவதில்லை. ஆகவே உங்களைத் திருத்துவதில் நேரத்தைச் செலவழிக்காமல், உங்களுக்கு விடை தெரியாதபடி பரிசோதனையை அமையுங்கள்.

குதிரை ஒரு தனி விசித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1963இல் ரொபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் பன்னிரண்டு மாணவரிடம் ஆளுக்கு ஐந்து எலி கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் "இவை கெட்டிக்கார எலிகள்" என்றும் மற்றவர்களிடம் "இவை மந்தமான எலிகள்" என்றும் சொன்னார்கள். எலிகள் எல்லாம் சாதாரண எலிகள். ஐந்து நாள் முடிவில் "கெட்டிக்கார" எலிகள் புதிர்வழியில் நன்றாக ஓடியதாகத் தரவு வந்தது. தங்களிடம் இருப்பவை கெட்டிக்கார எலிகள் என்று நம்பிய மாணவர்கள் அவற்றைக் கூடுதலாகவும் மென்மையாகவும் தூக்கித் தடவியிருந்தார்கள்.

5. சாக்குப் பைகள்

சரி, இப்போது வேலைக்கு வருவோம். போனில் பொலித்தீன் சத்தத்தைப் பதிந்து ஸ்பீக்கரில் போடலாம் என்று முதலில் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. போனின் பதிவு மனிதக் காதுக்காகச் செய்யப்பட்டது, மானின் காது நம் காது அல்ல. கசங்கலில் இருக்கிற மிக உயர்ந்த ஒலி ஸ்பீக்கரில் வராமல் போனால், மான் வராததற்குக் காரணம் ஸ்பீக்கரா மானா என்று தெரியாது. உண்மையான பையையே பாவிப்போம்.

ஒரே துணியில், ஒரே அளவில் எட்டுச் சிறு சாக்கு தையுங்கள். நான்கினுள்ளே புதிய பொலித்தீன் பைகள். மற்ற நான்கினுள்ளே காய்ந்த பனையோலைத் துண்டுகள். இரண்டும் சரசரக்கும், ஆனால் ஓலைக்கும் சாப்பாட்டுக்கும் கோட்டை மானின் அனுபவத்தில் தொடர்பு இல்லை. சாக்கின் வாயைத் தைத்துவிடுங்கள், ஒரு துண்டுப் பொலித்தீனும் வெளியே வரக்கூடாது.

பொலித்தீன் நான்கும் நான்கு வேறு கடைப் பைகளாக இருக்கட்டும், ஓலையும் வேறு வேறு மரத்து ஓலையாக இருக்கட்டும். ஒரே ஒரு பையை எட்டுத் தரம் ஆட்டினால் நீங்கள் சோதிப்பது "பொலித்தீன் சத்தத்தை" அல்ல, அந்த ஒரு பையின் சத்தத்தை. பறவைப் பாட்டைப் பதிந்து போட்டுப் பார்க்கிற ஆய்வுகளில் இந்தக் குறை இருப்பதை 1989இல் டொனால்ட் குரூட்ஸ்மா சுட்டிக்காட்டினார், அது பெரிய வாக்குவாதமாகப் போனது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி.

வடை சுற்றி வந்த பை வேண்டாம், கடையிலிருந்து நேரே வந்த புதிய பை. எட்டுச் சாக்கையும் ஓரிரு நாள் ஒரே பெட்டிக்குள் சேர்த்து வைத்தால் வாசனையும் ஏறக்குறைய ஒன்றாகும். சத்தத்தின் அளவைப் போனில் இருக்கிற டெசிபெல் செயலியால் ஒரு மீட்டர் தூரத்தில் அளந்து, ஓலையைக் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துங்கள். அந்தச் செயலி துல்லியமாக இராது, ஆனால் ஒரே போனால் எட்டையும் ஒப்பிட அது போதும்.

சாக்கை மரக்கிளையில் தொங்கவிட்டு நீண்ட நூலைக் கட்டி மறைவிலிருந்து இழுக்க வேண்டும். ஆள் தெரியக்கூடாது.

இவற்றோடு வெறுஞ்சாக்கு ஒன்றும் வேண்டும். அதையும் தனி நாட்களில் அதே நூலால் அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். மான் அசைகிற சாக்கைப் பார்க்க வருகிறதா என்பதற்கு அதுதான் பதில். சாக்கே இல்லாத நாட்களும் இரண்டு மூன்று வேண்டும். என் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அந்த நாட்கள் பதில் சொல்லும். கட்டுப்பாடு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்: உங்கள் முடிவைக் கேட்டதும் ஒரு வம்புக்காரர் என்னென்ன வேறு காரணம் சொல்வாரோ, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு நாள் ஒதுக்கிவைப்பது. வீட்டில் அப்படி ஒரு மச்சான் இருந்தால் திட்டத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

6. யாருக்கு என்ன தெரியலாம்

இதற்கு மூன்று பேர் வேண்டும்.

முதலாமவர் சாக்கைத் தைத்து 1 முதல் 8 வரை இலக்கம் போடுவார். எந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு மான் நிற்கிற நேரத்தில் அவர் அந்தப் பக்கமே வரக்கூடாது. இரண்டாமவர் நூலை இழுப்பவர். காதில் இயர்போன், அதில் பாட்டு. எந்தச் சாக்கு எந்தச் சத்தம் போடுகிறது என்று அவருக்குக் கேட்கவே கூடாது. அவரே போய்ச் சாக்கைத் தொங்கவிட்டால் கையில் தெரிந்துவிடும், அதனால் தொங்கவிடுகிற வேலையை முதலாமவர் மான் வருவதற்கு முன்னரே செய்துவிட்டுப் போகவேண்டும்.

மூன்றாமவர் வீடியோவைப் பார்த்துக் குறிப்பவர். களத்துக்கு ஒரு நாளும் போகாதவர். கமரா சாக்கைக் காட்டாமல் மான் நிற்கிற பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். வீடியோவை அவரிடம் கொடுக்கும்போது சத்தத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள். இதை மறந்துவிட்டு, "எப்படி எல்லாம் சரியாகச் சொன்னாள்!" என்று வியந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

7. எந்த நாள் எந்தச் சாக்கு

"கண்டபடி மாற்றி மாற்றிச் செய்தோம்" என்பது எழுமாறு அல்ல. மனிதன் கண்டபடி செய்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு வந்துவிடும். மழை இருட்டினால் இன்றைக்கு ஓலையைப் போடுவோம், மான் நிறைய நிற்கிறது இன்றைக்குப் பொலித்தீனைப் போடுவோம் என்று கை தானாகப் போகும். எட்டுத் துண்டுத் தாளில் இலக்கம் எழுதி ஒரு பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுங்கள், வந்த வரிசைதான் வரிசை. முதல் நான்கும் பொலித்தீனாக வந்தால் என்ன செய்வது என்று பின்னர் யோசிக்கக்கூடாது, உறையை ஒட்டுமுன்னரே முதலாமவர் முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு சாக்குதான், நடுவில் ஓரிரு நாள் விட்டால் இன்னும் நல்லது. சத்தம் கேட்டு வந்து ஒன்றும் கிடைக்காத மான் அடுத்த தரம் வர யோசிக்கும். எட்டாம் நாள் மான் முதல் நாள் மான் அல்ல. நேரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமையில் கோயில் சனம் அதிகம், அந்த நாளை விட்டுவிடுங்கள், அல்லது எல்லாச் சாக்குக்கும் பொதுவாக வருமளவுக்கு நாட்களைக் கூட்டுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தொடங்காதீர்கள்.

8. எட்டில் நான்கு

ஏன் எட்டுச் சாக்கு என்று யாரும் கேட்கவில்லை. இங்கேதான் பால் தேத்தண்ணி வருகிறது.

இங்கிலாந்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா தேயிலைச் சாயம் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளிவிவர அறிஞர் அதைச் சோதிக்கிற முறையை 1935இல் வெளியிட்ட தன் நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பை, நான்கு பால் முதலில், நான்கு சாயம் முதலில், எழுமாறாக வைத்துக் கொடுக்க வேண்டும். நான்கு பால் கோப்பை எவை என்று அவர் பிரித்துச் சொல்ல வேண்டும். எட்டில் நான்கைத் தெரிய 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான், ஏறத்தாழ 1.4 சதவீதம்.

நம் மூன்றாமவரிடமும் இதையே கேட்கிறோம். எட்டு மௌன வீடியோக்கள். இழுப்பதற்கு முன் இரண்டு நிமிடம், இழுத்த பின் ஐந்து நிமிடம். "மானின் நடத்தையை மட்டும் பார்த்து, பொலித்தீன் ஆட்டிய நான்கு நாள் எவை என்று பிரி." நான்கையும் சரியாகப் பிரித்தால் மான்கள் இரண்டு சத்தத்துக்கும் வேறு வேறாக நடந்தன என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

மூன்று சரி, ஒன்று பிழை என்று வந்தால்? பெரும்பாலானோர் இங்கேதான் துள்ளிக் குதிப்பார்கள். கணக்கைப் பாருங்கள். மூன்றைச் சரியாகச் சொல்லும் வழிகள் 16. அதோடு நான்கும் சரியான 1 வழியைச் சேர்த்தால் 70இல் 17, அதாவது 24 சதவீதம். வெறும் குருட்டு ஊகத்தில் நாலு தரத்துக்கு ஒரு தரம் இது நடக்கும். மூன்று சரி என்பது ஒன்றும் இல்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. சில குழுக்கள் வசதிக்காக "இரண்டு இரண்டு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒரு பொலித்தீன் ஒரு ஓலை" என்று வைப்பார்கள். வானிலை மாறுவதைச் சமாளிக்க அது நல்ல வழி. ஆனால் அப்போது 70 வழி இல்லை, நான்கு சோடிக்கும் இரண்டிரண்டாக 16 வழிதான். எல்லாம் சரி என்று வந்தாலும் வாய்ப்பு 16இல் ஒன்று. அப்படி வைப்பதென்றால் சாக்கைக் கூட்டுங்கள்: ஏழு சோடி என்றால் 128இல் ஒன்று.

ஐந்து பேரைக் கூப்பிட்டு அதே எட்டு வீடியோவைக் காட்டி "ஐவரும் சரியாகச் சொன்னார்கள்" என்று எழுதாதீர்கள். ஐந்து பேர் பார்த்தாலும் நடந்தது எட்டு நாள்தான். அதேபோல ஒரு கூட்டத்தில் இருபது மான் வந்ததென்றால் இருபது சாட்சி இல்லை. ஒன்று நடந்தால் மற்றவை பின்னால் நடக்கும். 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பேர்ட் இதற்குப் போலிப் பிரதிகள் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கோட்டைக் கூட்டம் ஒன்றில் எடுத்த முடிவு அந்தக் கூட்டத்தைப் பற்றியது. கடற்கரைப் பக்க மான்களைப் பற்றிச் சொல்ல அங்கே போய்த் திரும்பவும் செய்யவேண்டும்.

9. இரண்டு பேர் குறித்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது

"நெருங்கியது / நெருங்கவில்லை" என்று தனித்தனிக் காட்சிகளைக் குறிப்பதென்றால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குறிக்கட்டும். ஓர் உதாரணம். 100 காட்சி. ஒருவர் 40இல் நெருங்கியது என்கிறார், மற்றவர் 42இல். இருவரும் நெருங்கியது என்றது 34, இருவரும் இல்லை என்றது 52. ஆக 86 சதவீதம் ஒத்துப்போகிறது, நல்லதாகத் தெரிகிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்தாலும் 0.40 × 0.42 + 0.60 × 0.58 = 0.516, அதாவது 51.6 சதவீதம் தானாகவே ஒத்துப்போகும். அதைக் கழித்து மிச்சத்தைப் பார்க்கிற அளவைத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்தார்: (0.86 − 0.516) ÷ (1 − 0.516) = 0.71. இது பரவாயில்லை. 0.4க்குக் கீழே வந்தால் மானில் பிழையில்லை, உங்கள் விளக்கம் தெளிவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் "நெருங்கியது" என்பதைத் திருத்தி எழுதுங்கள்.

10. மானை விட்டு மனிதரைக் கேட்பதென்றால்

சிலருக்கு மானைவிட, மானுக்குச் சாப்பாடு போடுகிற ஆட்களை ஆராய ஆசை வரும். நல்ல கேள்விதான், ஆனால் இரட்டிப்புக் கஷ்டம். மானுக்கு உங்கள் ஆய்வு என்னவென்று தெரியாது. மனிதர் ஊகிப்பார், ஊகித்து உங்களுக்கு உதவி செய்யப் பார்ப்பார். பரிசோதனைக்கு வந்தவர் அதன் நோக்கத்தை மோப்பம் பிடித்து அதற்கேற்ப நடப்பதைப் பற்றி மார்ட்டின் ஓர்ன் 1962இலேயே எழுதினார்.

சீருடை போட்ட பிள்ளை அட்டையோடு வந்து "மானுக்குப் பொலித்தீனோடு சாப்பாடு போடுவீர்களா அங்கிள்?" என்று கேட்டால் யார் ஓம் என்பார்? ஆசிரியர் பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம். கேட்பவர் தமிழில் கேட்கிறாரா சிங்களத்தில் கேட்கிறாரா, உள்ளூர்ப் பேச்சா வெளியூர்ப் பேச்சா என்பதெல்லாம் பதிலில் ஏறும். திருகோணமலையில் இதை விளக்கவே தேவையில்லை. ஒரே ஆளே எல்லோரையும் கேட்டால் அவருடைய பாதிப்பு எல்லாப் பதிலிலும் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று பேர் கேட்டு, யார் யாரைக் கேட்பது என்று குலுக்கிப் போட்டு, கேட்டவரின் பெயரையும் ஒவ்வொரு தாளிலும் குறித்தால் பாதிப்பைப் பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

"கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர் மாறுவர்" என்பதற்கு எல்லோரும் ஹோதோர்ன் தொழிற்சாலையைக் காட்டுவார்கள். 1920களில் சிகாகோவுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை கூடியது என்ற கதை. காணாமல் போனதாக நினைத்த அந்த வெளிச்சத் தரவைப் பின்னாளில் தேடியெடுத்துத் திரும்பக் கணித்த லெவிட்டும் லிஸ்ட்டும், கதையில் சொல்லப்பட்ட அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆய்வாளரின் பாதிப்பைப் பற்றிய பிரபலமான ஆய்விலேயே ஆட்கள் எதிர்பார்த்ததைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கேட்காமலே அளக்க முடிந்தால் அதுதான் நல்லது. ஒரு நாள் மாலையில் குப்பைத் தொட்டிக்கு வெளியே கிடக்கிற பைகளை எண்ணுங்கள். பை பொய் சொல்லாது.

11. உறையைப் பிரிக்குமுன்

முதல் நாளைக்கு முன்னரே ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்: என்ன எதிர்பார்க்கிறோம், எதை அளக்கிறோம், எப்போது நிறுத்துவோம், எந்த நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். நாய் குரைத்துக் கலைந்த நாளை விடுவதா வைப்பதா என்று வீடியோ பார்த்த பிறகு முடிவெடுத்தால் நீங்கள் விரும்புகிற பக்கமே முடிவு போகும். கலைந்த நாளைத் திரும்பச் செய்வதென்றால் அதையும் எழுதி வையுங்கள்.

மூன்றாமவர் தன் பட்டியலைப் பேனையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதலாமவரின் உறையைப் பிரிக்க வேண்டும். மூன்று பேரும் பக்கத்தில் இருங்கள். இரண்டு சரி, இரண்டு பிழை என்று வந்தாலும் அதையே எழுதுங்கள். குருட்டு ஊகத்தில் மிக அதிகமாக வருவதும் அதுதான், 70இல் 36 தரம். அறிக்கையில் யார் நூல் இழுத்தார், என்ன உடுத்தியிருந்தார், எத்தனை மணி, எந்தப் பக்கக் காற்று என்பதையும் சேருங்கள். அடுத்த வருடம் செய்கிற பிள்ளைகளுக்கு முடிவைவிட அந்த வரிகள்தான் உதவும்.

கடைசியாக ஒரு சாமான். தூறல் விழுந்தால் நூல் இழுப்பவர் மறைவில் நின்றபடி மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வார். மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு, மலிவாக விற்கிற சாதி. கையைத் தூக்கி நூலை இழுக்கிற ஒவ்வொரு தரமும் அது சரசரக்கும், தூறல் விழுகிற நாளெல்லாம், ஓலைச் சாக்குக்கும் சேர்த்து. காதில் பாட்டுக் கேட்கிறவருக்கு அது கேட்கவும் மாட்டாது. துணிக் குடை கொடுத்து அனுப்புங்கள்.